பல்லிக்குஞ்சுக்குச் சாதகம்

மோனே, பொரிச்சு மூண்டு கிழமையும் ஆகாத ரண்டு சீவனுக்கு ராசா எண்டும் ராணி எண்டும் பேரை வைச்சுப்போட்டு, "அப்பு, பேர் சரியோ எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ" எண்டு ரொறொன்ரோவில இருந்து படம் அனுப்பியிருக்கிறாய். உன்ர துணிவை மெச்சுறன். எங்கட ஊரில மருத்துவிச்சி வெளிய வந்து ஆணோ பெண்ணோ எண்டு சொன்னாப்பிறகுதான் பேர் தேடுறது. நீ பேரை முந்தி வைச்சுப்போட்டு, அதுக்கேத்த மாதிரிப் பல்லியைத் திருத்தப் பாக்கிறாய்.

என்னட்டைக் கேட்டதில ஞாயம் இல்லாமல் இல்லை. பேசாலைக் கரையில பிறந்தவன் நண்டைப் புரட்டின உடன சொல்லிப்போடுவான். வயித்து மடல் ஒடுங்கிக் கூரா இருந்தால் ஆண். அகண்டு வட்டமா இருந்தால் முத்தின பெண். கழுதையெண்டால் புரட்டவும் தேவையில்லை, மன்னார்ப் பட்டினத்துத் தெருவில ஒரு அஞ்சு நிமிசம் நிண்டால் காணும், அதுகளே காட்டிப்போட்டுப் போகும். ஆனா நீ அனுப்பின படத்தில நான் என்னத்தைப் பாக்கிறது? கண்ணாடி போட்டும் பாத்தன், போடாமலும் பாத்தன். அந்த வயசில அதுகளின்ர உடம்பில எழுத்து ஒண்டும் விழுந்திருக்காது எண்டு, பள்ளிக்கூடத்தில விஞ்ஞானம் படிப்பிச்ச உன்ர மாமியும் சொல்லிப்போட்டா. இனி நான் சொல்லுறதில பாதி அவ படிச்சது, மிச்சம் நான் திண்ணையில இருந்து கண்டது. எது எது எண்டு நீயே பிரிச்செடு.

உன்ர பல்லிக்குச் சிறுத்தைப் பல்லி எண்டு பேராம். பேருக்குத்தான் சிறுத்தை. குஞ்சின்ர உடம்பில மஞ்சளும் கறுப்புமாப் பட்டைதான் கிடக்கு, வளர வளரத்தான் பட்டை கலைஞ்சு புள்ளியாகுமாம். தன்ர பேருக்குரிய புள்ளியையே இன்னும் போடாத ஒண்டிட்டை நீ மிச்ச விசயத்தைக் கேக்கிறாய், பாத்தியே! கனடாவில வாங்கினனீ எண்டதுக்காக அது கனடாக்காரனும் இல்லை. 1854 இல, கல்கத்தா ஆசியக் கழகத்து அருங்காட்சியகத்தைப் பாத்துக்கொண்டிருந்த எட்வேட் பிளித் எண்டவர் விஞ்ஞானப் பேர் வைச்சவர். பஞ்சாப் பக்கத்து உப்பு மலைத்தொடர்ப் பல்லி, இண்டைக்கு அந்த மலை பாக்கிஸ்தானில. எங்கட சுவர்ப் பல்லிக்கு இமை கிடையாது, நாக்காலதான் கண்ணைத் துடைக்கும். உன்ர பல்லிக்கு இமை இருக்கு, கண்ணை மூடி நித்திரை கொள்ளும். காலில ஒட்டுற தட்டு இல்லை, சுவர் ஏறமாட்டுது. சுவர் ஏறாத பல்லியைக் காசு குடுத்து வாங்கினவன் எங்கட பரம்பரையில நீ ஒருத்தன்தான்.

வடலி ஞாபகம் இருக்கோ உனக்கு? சின்னனில கருக்குக் கீறிப்போட்டுது எண்டு நீ ஊரைக் கூட்டி அழுதியே, அந்த வடலிதான். அதில எது ஆண், எது பெண் எண்டு மன்னார்த் தீவில பிறந்த ஒருத்தராலும் சொல்லேலாது. பன்னிரண்டு வருசம், பதினைஞ்சு வருசம், சிலது அதுக்கும் மேல நிண்டு, பாளை தள்ளேக்கைதான் பனை வாயைத் திறக்கும். கள்ளு ரண்டிலயும் இறக்கலாம், அதில பேதம் பாத்த ஒரு குடிகாரனை நான் காணேல்லை. நுங்கும் பனம்பழமும் வேணுமெண்டு நிக்கிறவனுக்குத்தான் பெண் பனை தேவை. கொட்டையைப் புதைச்சவன் கிழவனாகி, கோயில் பின்வளவில போய்ப் படுத்தாப்பிறகும் "நான் இன்னும் யோசிக்கிறன்" எண்டு நிக்கிற மரமும் இருக்கு. அதுக்காக ஆரும் வடலியைப் பிடுங்கி வேரைப் பாத்ததில்லை. உனக்கோ நாலைஞ்சு மாதம் பொறுக்க ஏலாமக் கிடக்கு.

பனைக்கு இன்னொரு கதையும் இருக்கு. எங்கட பாலாவிக் கரைத் திருக்கேதீச்சரத்தைப் பாடின அதே திருஞானசம்பந்தர், தொண்டை நாட்டுத் திருவோத்தூருக்குப் போனவர். இப்ப செய்யாறு எண்டு சொல்லுற ஊர். அங்க ஒரு அடியார் வளத்த பனையெல்லாம் ஆணாப் போய்க் காய்க்காமல் நிக்க, சம்பந்தர் பதிகம் பாடி அதுகளைப் பெண்ணாக்கிக் குலை தள்ள வைச்சாராம். நம்புறது நம்பாதது உன்ர பாடு. ஆனா சிறுத்தைப் பல்லியின்ர முட்டைக்குள்ள அந்த மாதிரி வேலையைப் பதிகம் ஒண்டும் பாடாமலே சூடு செய்யுது, அதை நீ நம்பத்தான் வேணும்.

மனிசருக்குத் தகப்பன் குடுக்கிற நிறமூர்த்தத்தோட காரியம் முடிஞ்சுது. இந்தப் பல்லிக்கு அப்பிடி இல்லை. தாய் ரண்டு முட்டை இட்டு மண்ணுக்குள்ள மறைச்சுப்போட்டுப் போயிடும். பிறகு மண்ணின்ர சூடுதான் தீர்ப்புச் சொல்லும். 26 பாகை செல்சியஸில கிடந்தால் அனேகமா எல்லாம் பெண். 30 பாகையில கலந்து வரும், பெண்தான் கூட. 32.5 இல நாலுக்கு மூண்டு ஆண். சூடு ஏற ஏற ஆண்தான் எண்டு நீ கணக்கை முடிக்கப் பாப்பாய். பொறு, 34, 35 எண்டு ஏறினால் திரும்பவும் பெண்! இப்பிடி ஒரு சங்கதி உலகத்தில இருக்கெண்டு முதல்முதல் கண்டுசொன்னது மாதலீன் ஷார்னியே எண்ட பிரெஞ்சுப் பொம்பிளை. 1966 இல, செனகல் நாட்டு டாக்கார் நகரத்தில, எங்கட ஓணானுக்கு ஒண்டுவிட்ட சகோதரம் ஒண்டின்ர முட்டைகளை வைச்சுச் சொன்னவ.

அதோட நிக்கேல்லை. ரெக்சாஸ் பல்கலைக்கழகத்தில டேவிட் குரூஸ் எண்டவர் உன்ர இந்தச் சிறுத்தைப் பல்லியோட கனகாலம் மினக்கெட்டவர். அவரும் குட்ஸ்கே எண்டவரும் 1988 இல எழுதினதில என்ன கிடக்கெண்டால், குளிர்ச் சூட்டில பொரிச்ச பெண்ணும் கொதிச் சூட்டில பொரிச்ச பெண்ணும் ஒரே குணம் இல்லையாம். கொதியில வந்தவ சண்டைக்காரி, ஆணைக் கண்டால் பாயுறவ. முட்டைக்குள்ள கிடந்த காலத்துச் சூடு வாழ்நாள் முழுக்கக் குணத்தில நிக்குது. உன்ர அப்பம்மா பிறந்தது சித்திரை வெயிலில எண்டு நான் இதுவரைக்கும் ஆரிட்டையும் சொல்லேல்லை. நீயும் சொல்லாதை.

கடலாமைக்கும் இதே பிணக்குத்தான், கணக்கு மட்டும் வேற. எங்கட மன்னார்க் கடல்ல திரியுற பேராமைக்கும் மற்ற ஆமையளுக்கும் மணல் குளிர்ந்தால் ஆண், கொதிச்சால் பெண். 29 பாகையை ஒட்டித்தான் தராசு சமமா நிக்கும். இந்தக் கரையில ஆமை முட்டையைப் பற்றிக் கனக்கக் கதைக்கப்படாது. பழைய காலத்தில ஆர் ஆர் அவிச்சுத் திண்டவை எண்டு எனக்குத் தெரியும், அவையில ரண்டு மூண்டுபேர் இப்ப கோயில் முன்வரிசையில இருக்கினம். நான் சொல்ல வந்தது வேற. அவுஸ்திரேலியாவில பெருந்தடுப்புப் பவளப்பாறையின்ர வடக்குப் பக்கத்தில பிறந்த இளம் பேராமையளைப் பிடிச்சு, இரத்தம் எடுத்துச் சோதிச்சுப் பாத்து 2018 இல எழுதினவை: நூறில தொண்ணூற்றொன்பதுக்கு மேல பெண். உலகம் சூடேற மாப்பிள்ளை இல்லாமப் போச்சு. ஏன் இரத்தம் எடுத்தவை எண்டு கேள். குட்டி ஆமையை வெளியால பாத்து ஆண் பெண் சொல்ல அந்தப் படிச்ச ஆக்களாலயும் ஏலாது. முழு வளர்த்தி வந்து, ஆணின்ர வால் ஓட்டுக்கு வெளிய நீளவேணும். அதுக்குப் பல வருசம். அவ்வளவு பெரிய சாமானுக்கே அப்பிடியெண்டால், உன்ர மூண்டு கிராம் பல்லிக்கு என்ன அவசரம்?

"கடைக்காரன் ஒண்டு ஆண், மற்றது பெண் எண்டு சொல்லித்தான் தந்தவன்" எண்டு எழுதியிருக்கிறாய். அவன் பொய்யன் எண்டு நான் சொல்லேல்லை. பொரிப்பெட்டியில முட்டையை எந்தச் சூட்டில வைச்சான் எண்டு அவனுக்குத் தெரியும், அதை வைச்சு அனுமானம் சொல்லுறான். 26 இல வைச்சுப் பெண் எண்டால் அனேகமாப் பலிக்கும். ஆண் எண்டு சொல்லி விக்கிறவன்ர பாடுதான் கொஞ்சம் கயிட்டம். எவ்வளவு கவனமா வைச்சாலும் நாலில ஒண்டு அவனை ஏமாத்திப்போடும். அவன் உனக்கு வித்தது பல்லி பாதி, சாதகம் பாதி. எங்கட சாத்திரியாரும் அப்பிடித்தான், ஆண் பிள்ளை எண்டு வாயால சொல்லிப்போட்டு, பெண் பிள்ளை எண்டு கொப்பியில எழுதி வைப்பார். எது பிறந்தாலும் சாத்திரம் பலிச்சுது.

சரி, பாக்கத்தான் வேணுமெண்டால் பாக்கிற முறையாப் பார். பிடிச்சுப் புரட்டாதை, நண்டில்லை அது. அடி தெரியுற பிளாஸ்ரிக் பெட்டி ஒண்டுக்குள்ள தானா ஏறவிட்டு, கீழால பார். பின்னங்கால் ரண்டுக்கும் நடுவில, கழிவு வாசலுக்குக் கொஞ்சம் முன்னால, வளைஞ்சு ஒரு வரிசைச் செதிள் இருக்கும், ஆங்கில வி எழுத்து மாதிரி. ஆணெண்டால் அந்தச் செதிள் ஒவ்வொண்டிலயும் ஆழமா ஒரு துவாரம். முத்தினாப்பிறகு அதில மெழுகுமாதிரி ஒண்டு கசிஞ்சு நிக்கும். பெண்ணுக்கும் வரிசை இருக்கு, ஆனா துவாரம் மங்கல், இருந்தும் இல்லாத மாதிரி. இந்த இடத்திலதான் கனபேர் விழுறவை. வரிசையைக் கண்ட உடன "ஆண்! ஆண்!" எண்டு துள்ளுறது. வரிசையைப் பாக்காதை, ஆழத்தைப் பார். அதுக்குப் பின்னால, வாலடியில, ஆணுக்கு ரண்டு வீக்கம் பக்கத்துப் பக்கத்தில நிக்கும். பெண்ணுக்கு அந்த இடம் மட்டமாக் கிடக்கும். வயசு போகப்போக ஆணின்ர தலையும் கழுத்தும் கொஞ்சம் தடிச்சு வரும், ஆனா கொழுத்த பெண்ணும் தடிச்சுத்தான் இருக்கும், அதை வைச்சு ஒண்டும் முடிவு கட்டாதை.

நகைக்கடைக்காரன் கண்ணில கவ்விக்கொண்டு கல் பாக்கிற கண்ணாடி ஒண்டு வைச்சிருந்தால், ரண்டு மாதத்திலேயே துவாரம் விழுற சாடை தெரியுமெண்டு சொல்லுற ஆக்களும் இருக்கினம். பழகின கண்ணுக்கு அது தெரியலாம். உனக்கு வேண்டாம், விடு. நாலு மாதம் விட்டுப் பார், ஆறு மாதம் விட்டுப் பார். ஆணெண்டால் அந்த வீக்கம் உன்னைத் தேடிக்கொண்டு வரும். அதுவரைக்கும் பிதுக்கிறது, கம்பி விட்டுப் பாக்கிறது எண்டு ஒரு விளையாட்டும் வேண்டாம். குஞ்சின்ர வாலடியில நசுக்கினால் உள்ளுக்குக் காயம். பயந்தால் வாலைக் கழட்டிப்போட்டு ஓடும். வாலிலதான் அது கொழுப்பைச் சேத்து வைச்சிருக்கு, அது அதின்ர வங்கிக் கணக்கு. பிறகு முளைக்கிற வால் கட்டையா உருண்டு இருக்கும், பழைய வடிவு வராது. ஆண் பெண் தெரியாத பல்லியை வைச்சிருந்தனீ, அப்ப வாலும் இல்லாத பல்லியை வைச்சிருப்பாய்.

எங்கட வீட்டுப் பல்லிக்கு இந்தக் கரைச்சல் ஒண்டும் இல்லை. ரியூப் லைற்றுக்குக் கீழ, யன்னல் கண்ணாடிக்கு மறுபக்கம் வந்து வயித்தைக் காட்டிக்கொண்டு நிக்கும். முட்டை பிடிச்ச பெண்ணெண்டால் வயித்துத் தோலுக்கால வெள்ளையா ரண்டு முட்டை அப்பிடியே தெரியும். ஆணெண்டால் ஒரு தொடையில இருந்து மற்றத் தொடை வரைக்கும் துவார வரிசை. மின்சாரம் நிண்ட நாளில ரோச் லைற் அடிச்சுப் பார், நுளம்பைப் பிடிக்கிற மும்முரத்தில அது உன்னைக் கவனிக்காது. இதையெல்லாம் விட்டுப்போட்டு எங்கட சனம் பஞ்சாங்கத்தை விரிச்சு, பல்லி கிழக்கில சொன்னால் என்ன பலன், தெற்கில சொன்னால் என்ன பலன், இடத்தோளில விழுந்தால் ஆணுக்கென்ன, பெண்ணுக்கென்ன எண்டு பாக்குது. விழுந்த ஆள் ஆணோ பெண்ணோ எண்டு கேக்கிற பஞ்சாங்கம், விழுந்த பல்லி ஆணோ பெண்ணோ எண்டு ஒருநாளும் கேட்டதில்லை.

உன்ர மாமி சொல்லுறதைக் கேள். வீட்டுப் பல்லி அடுத்தடுத்து டிக் டிக் எண்டு சொல்லுறது அனேகமா ஆண்தானாம். "இந்த ரியூப் லைற் என்ர, பக்கத்து அறைக்காரன் இஞ்சாலை வரப்படாது" எண்டுதான் அவர் கத்துறார். ஒருத்தர் காணி எல்லைக்குச் சண்டை பிடிக்கிறதைக் கேட்டு, வெளிக்கிட்ட ஆள் செருப்பைக் கழட்டி வைச்சுப்போட்டு, "சகுனம் சரியில்லை, நாளைக்குப் போவம்" எண்டு திண்ணையில குந்துறார். கலியாணம் நிண்டிருக்கு, வள்ளம் இறக்காமல் நிண்டிருக்கு. எல்லாம் பல்லியின்ர காணி வழக்கால.

நீ ரண்டையும் ஒரே பெட்டிக்குள்ள விட்டிருக்கிறாய் எண்டு படத்தில கண்டன். உதுதான் எனக்குப் பிடிக்காதது. ஆண் ரண்டெண்டால் வளந்த உடன ஒண்டை ஒண்டு கிழிச்சுப்போடும். ஆணும் பெண்ணுமெண்டால் அதைவிட மோசம். பெண் உடம்பு தேறமுந்தி முட்டை பிடிச்சு, எலும்பில இருக்கிற சுண்ணாம்பெல்லாம் முட்டைக்குப் போய் வாடிப்போகும். ஒருக்காச் சேர்ந்தால் காணும், வித்தை வைச்சிருந்து பிறகும் பிறகும் முட்டை இடும், நீ ஆணைப் பிரிச்சுப்போட்டன் எண்டு நிம்மதியா இருப்பாய். பெண் ரண்டெண்டாலும் பலத்தது மற்றதின்ர சாப்பாட்டைத் திண்டுபோடும். ஆகையால் ஆணோ பெண்ணோ எண்டு தெரியாத காலத்தில செய்யவேண்டியது ஒண்டே ஒண்டு, இன்னொரு பெட்டி வாங்கு. பதினைஞ்சு, இருபது வருசம் உயிரோட இருக்கிற சாமான் இது, கவனமாப் பாத்தால். உன்ர கலியாணத்துக்கும் வரும், பிள்ளையின்ர முதல் நன்மைக்கும் வரும். முதல் ஆறு மாதம் தனியக் கிடந்து பழகட்டும்.

இனி, கடிதத்தின்ர வாலில போட்டிருக்கிற விசயம். ஆவணியில மடுத் திருவிழாவுக்கு வரேக்கை, புத்துப் பக்கம் திரியுற பட்டைப் பல்லி ஒண்டைப் பிடிச்சுக் கொண்டுபோகலாமோ எண்டு கேட்டிருக்கிறாய். அந்தப் புற்றுப் பல்லி உன்ர சிறுத்தைக்குஞ்சு மாதிரித்தான் கிடக்கும், பட்டை போட்டுக்கொண்டு நிலத்தில திரியும். 1953 இல எங்கட அருங்காட்சியகப் பணிப்பாளர் தெரணியகல இலங்கைக்குரியது எண்டு வகைபிரிச்சுப் பேர் வைச்சவர். பாக்கலாம், படம் எடுக்கலாம். பிடிக்கேலாது. 1937 இல இருந்து விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் எண்டு ஒண்டு இருக்கு, 2009 இல இன்னும் இறுக்கினவை. நாட்டுக்குரிய ஊர்வனவைப் பிடிச்சு, வளத்து, பெட்டியில போட்டு விமானம் ஏறினால், கட்டுநாயக்காவில உன்னை எந்தப் பக்கத்து வரிசையில நிப்பாட்டுவினம் எண்டு எனக்குச் சொல்லத் தேவையில்லை.

பல்லியும் ஓணானும் கடத்துறது சின்ன வியாபாரம் எண்டு நினையாதை. காட்டு உயிர் வியாபாரத்தைக் கட்டுப்படுத்துற சைற்றிஸ் உடன்படிக்கைக்காரர் 2019 மே மாதம் கொழும்பிலதான் கூட இருந்தவை. உயிர்த்த ஞாயிறுக் குண்டோட அந்தக் கூட்டம் ஓகஸ்ற்றில ஜெனீவாவுக்குப் போச்சு. அங்கதான் எங்கட மலைநாட்டுக் கொம்போணானையும், எயிட்சுக்கு மருந்தெண்டு புளுகி லட்சக்கணக்கில விலைபேசுற டொக்கே பல்லியையும் பட்டியலில சேத்தவை. அந்தப் பல்லிக்கு ஆசுப்பத்திரியில வேலை கிடைக்கேல்லை, சட்டப் புத்தகத்தில இடம் கிடைச்சுது. நீ திருவிழாவுக்கு வா, மாதாவைக் கும்பிடு, கூடாரத்தில படு, உன்ர காலில ஏறுற பல்லியை இறக்கிவிட்டுப்போட்டு வீட்டை வா.

இவ்வளவு சொல்லியும் உனக்கு நெஞ்சு ஆறாது, எனக்குத் தெரியும். இண்டைக்கே, இப்பவே, கண்ணை மூடிக்கொண்டு ஆண் பெண் சொல்லக்கூடிய பல்லி ஒண்டு வேணுமெண்டால் அதுவும் உலகத்தில இருக்கு. பசிபிக் தீவுகளில இருந்து இந்து சமுத்திரக் கரைகள் வரைக்கும் பரந்திருக்கு, எங்கட இலங்கையிலயும் இருக்கு. சின்னச் சாம்பல் பல்லி. உன்ர பக்கத்தில அதை வளக்கிற ஆக்களும் இருக்கினமாம். குஞ்சைக் காட்டினாலும் பெண், கிழட்டைக் காட்டினாலும் பெண். ஆணெண்டு ஒண்டு இல்லையெண்டே சொல்லலாம். தாய் தன்பாட்டில ரண்டு முட்டை இடும், ரண்டிலயும் தன்னையே அச்செடுத்த மாதிரிப் பெண் குஞ்சு வரும், அதுகளும் வளந்து தன்பாட்டில முட்டை இடும். மாப்பிள்ளை தேடுறதில்லை, சீதனம் இல்லை, காணி வழக்கு இல்லை.

வாய் சும்மா இருக்காமல் போன கிழமை இதை உன்ர அப்பம்மாவிட்டைச் சொல்லிப்போட்டன். மனிசி சூடை மீன் வெட்டிக்கொண்டு இருந்தது. கத்தியைக் கழுவி, சீலைத் தலைப்பில கையைத் துடைச்சுப்போட்டு, "அது எந்தப் பக்கத்துச் சனம்? விலாசம் எடுத்துத் தாங்கோ" எண்டு கேட்டுது.